பொம்மைப் பெட்டியில் காந்தம் வேண்டாம்
(பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



கிறிஸ்துமஸ் காலத்தில் எங்கள் பிள்ளைகள் வார்டுக்குப் பொம்மைகள் அனுப்புகிறீர்கள், நன்றியோடு பெற்றுக்கொள்ளுகிறோம். துணிப் பொம்மை, மரவண்டி, படப்புத்தகம் எல்லாம் வரட்டும். மிளகளவில் மினுமினுக்கும் காந்த உருண்டைகள் மட்டும் வேண்டாம்.

பழைய ஒலிபெருக்கியில் நாம் பார்த்த கறுப்புக் காந்தமல்ல இது. நியோடிமியம் கலந்து 1980களில் கண்டுபிடிக்கப்பட்டது; உருவம் சிறிது, இழுவை பெரிது. பிள்ளை ஒன்றை விழுங்கினால் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். இரண்டை விழுங்கினால் கதை வேறு. குடல் மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறதல்லவா? ஒரு மடிப்பில் ஒன்றும் அடுத்த மடிப்பில் மற்றொன்றுமாக நின்று ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். நடுவே அகப்பட்ட குடல்சுவர் நசுங்கி, இரத்த ஓட்டம் நின்று, அழுகி ஓட்டையாகும். காந்தத்தோடு ஓர் இரும்புத் துண்டு போனாலும் இதே ஆபத்துதான். 2005ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், விளையாட்டுச் சாமானிலிருந்து உதிர்ந்த காந்தங்களை விழுங்கிய 20 மாதக் குழந்தை, சிறுகுடல் முறுக்கி அடைத்து மரித்தது. அந்நாட்டில் 2014ல் வந்த கட்டுப்பாட்டை 2016ல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. மறுபடி விதி வர 2022 ஆயிற்று. வழக்கு முடியும்வரை பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்?

பெரிய பிள்ளைகளும் விலக்கல்ல. நாக்கில் மணி குத்தியதுபோல் காட்ட இருபுறமும் உருண்டை வைத்து, தவறி விழுங்கிவிடுகிறார்கள். திட்டு விழும் என்று சொல்லுவதுமில்லை.

முதலில் பிள்ளை ஓடியாடித் திரியும். பிறகு வாந்தி, வயிற்றுவலி, காய்ச்சல். மாந்தம் என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்போம். காசு விழுங்கினால் வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கிற வழக்கமும் நம்மிடம் உண்டு. காந்தத்துக்கு அது ஆகாது. இரைப்பையில் இருக்கும்போதே வந்தால் குழாய் விட்டு எடுத்துவிடலாம். அதைத் தாண்டினால் வயிற்றைத் திறக்க நேரிடலாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்குமாதலால் ஒன்றும் ஊட்டாமல் உடனே கொண்டுவாருங்கள்.

அறுவை அறைக்கு வெளியே பெற்றோரோடு உட்காருவது என் வேலை. "நான் எப்படிக் கவனியாமல் விட்டேன்?" என்றுதான் தாய்மார் அழுகிறார்கள். சுற்றி நிற்கும் உறவினர் சிலர் அதையே அவர்கள்மேல் திருப்புகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. கண் இமைக்கும் நேரத்தில் நடக்கிற காரியம் இது.

மருத்துவரிடம் 'காந்தம்' என்ற சொல்லையே சொல்லுங்கள். ஒட்டிக்கொண்ட இரண்டு, எக்ஸ்ரேயில் ஒன்றுபோலத் தெரியும். பக்கவாட்டிலும் படமெடுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. இயந்திரமோ தானே பெருங்காந்தம், அதில் அந்தப் பிள்ளையைப் படுக்கவைக்கக் கூடாது. வீட்டில் மீதியிருக்கும் உருண்டைகளைப் பெட்டியோடு கொண்டுவாருங்கள். எத்தனை குறைகிறது என்பது அறுவை செய்பவருக்கு வேண்டிய கணக்கு.