ஆன்லைன் தொழில்: கூட்டுச் சேரும் முன் எழுதி வையுங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பிலேயே ஊறுகாய், கேக், நைட்டி, டெரகோட்டா நகை என்று வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். "எப்படிப் பதிவு செய்வது?" என்று லிஃப்டில் பார்க்கும்போது கேட்பீர்கள். அதனால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. அடிபட்டவள், அவ்வளவுதான்.

நானும் என் தோழியும் சுங்குடிச் சேலைகளை ஆன்லைனில் விற்றோம். லாபம் பாதிப் பாதி என்று வாய்ப்பேச்சு. பத்திரம் எழுதவில்லை. மொத்தமாகச் சேலை வாங்கிய ஒருவர் பணம் தரவில்லை. எங்களுக்குக் கடனுக்குச் சரக்குத் தந்தவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோழி அதற்குள் வெளிநாடு போய்விட்டாள்.

வக்கீலிடம் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. சேர்ந்து தொழில் செய்து லாபத்தைப் பிரித்துக்கொண்டால், எழுதாவிட்டாலும் பெரும்பாலும் அது கூட்டு நிறுவனம்தான். 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, நிறுவனத்தின் மொத்தக் கடனையும் ஒரே கூட்டாளியிடம் கேட்கலாம். ஆனால் பதிவு செய்யாத நிறுவனம், தனக்கு வரவேண்டிய பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. 69-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. கொடுக்க வேண்டியதை நான் ஒருத்தியே கொடுத்தேன். வர வேண்டியது வரவே இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

தனியாகச் செய்கிறீர்களா? உங்கள் பான் எண்ணிலேயே உரிமையாளர் தொழிலாக ஆரம்பிக்கலாம். செலவு குறைவு. ஆனால் தொழில் கடன் உங்கள் சொந்தக் கடன்தான். அதைத் தவிர்க்க நினைத்தால், 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தில் ஒரு நபர் கம்பெனி இருக்கிறது. அதற்கு ஒரு நாமினி வேண்டும்.

இருவர் சேர்கிறீர்களா? குறைந்தபட்சம் பத்திரம் எழுதி, நிறுவனப் பதிவாளரிடம் பதிவு செய்யுங்கள். கடன் வாங்கிச் சரக்கு எடுப்பீர்கள் என்றால் எல்எல்பி நல்லது. பொதுவாக நீங்கள் போட்ட முதலோடு நஷ்டம் நின்றுவிடும். விற்பனை 40 லட்சத்தையோ முதல் 25 லட்சத்தையோ தாண்டினால்தான் தணிக்கை. ஆண்டுக் கணக்கை மட்டும் தவறாமல் தாக்கல் செய்ய வேண்டும்.

வெளி முதலீடு தேடுபவர்களுக்குத்தான் பிரைவேட் லிமிடெட். விற்பனையே இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. ஒரு எச்சரிக்கை: வங்கிக் கடனுக்கு நீங்கள் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டால், எந்தக் கம்பெனியும் உங்கள் வீட்டைக் காப்பாற்றாது.

எந்த அமைப்பானாலும், உணவு விற்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும். வெளி மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால், சில கைவினைப் பொருட்களைத் தவிர, ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வாடகைக்கு இருப்பவர்கள் இந்த முகவரியைக் கொடுக்கும் முன் வீட்டு உரிமையாளரிடம் சம்மதக் கடிதம் வாங்கிவிடுங்கள்.

கூட்டாகத் தொழில் செய்பவர்கள் இன்றிரவே மூன்று விஷயம் எழுதுங்கள். யார் எவ்வளவு போட்டது? வங்கிக் கணக்கும் இன்ஸ்டா பக்கமும் யார் பெயரில்? ஒருவர் விலகினால் கணக்கை எப்படி முடிப்பது? பிறகு ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

நட்பு இருக்கும்போது எழுத்து எதற்கு என்று நாங்கள் நினைத்தோம். இன்று நானும் தோழியும் பேசிக்கொள்வதில்லை. பணம் போனதைவிட அதுதான் எனக்குப் பெரிய நஷ்டம்.