எல்லையோரத்து வழிநடை



பிற மாநிலங்களில் வாழும் நமக்கு ஊர்ப் பயணம் என்றால் இரயில் பயணந்தான். மாலையில் ஏறிப் படுக்கிறோம். மறுநாளோ அதற்கு மறுநாளோ இறங்குகிறோம். இடையிலுள்ள நாடெல்லாம் சன்னலுக்கு வெளியே ஓடிப்போகிறது. நமக்கு முன்னே வேற்றுச் சீமைக்குப் பிழைப்புத் தேடிப் போன தமிழருள் மிகப் பலர் நடந்தே போனவர்கள். அவர்கள் நடந்த வழிகளிற் சில பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி எல்லையிலும் இன்னும் இருக்கின்றன. சென்ற தை மாதத்தில் நாங்கள் மூவர் அப்பக்கங்களில் பதினொரு நாள் நடந்தோம். இயற்கைக் காட்சிகளை வருணிப்பது இப்பேச்சின் நோக்கமன்று. நடந்து வருகிறவனை அவ்வூர்கள் எப்படி ஏற்கின்றன என்பதையே சொல்ல விரும்புகிறோம்.

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக நிற்க, நடுவே திறந்துவிட்ட வாயில் போன்றது பாலக்காட்டுக் கணவாய். அகலம் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர். மார்கழி, தை மாதங்களில் கீழ்காற்று அதன் வழியே இரவும் பகலும் பாய்கிறது. வேலந்தாவளத்தில் எல்லையைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறையை நோக்கி நடந்தபோது அக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிற்று. பின்னர்க் கிழக்கே திரும்பினோம், அதே காற்று முகத்தில் புழுதியை வாரி இறைத்தது. வழியெங்கும் பனையும் தென்னையும். மலையாள எழுத்தில் பெயர்ப்பலகை. அதன் கீழே நின்று பேசுவோர் வாயில் கொங்குத் தமிழ். 1956 நவம்பர் முதல் தேதிக்கு முன்னர்ப் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலும், அடுத்துள்ள சிற்றூர் கொச்சி நாட்டு வழியிலும் இருந்தன. ஆட்சி எல்லைகள் பலமுறை மாறின; சந்தைக்குப் போகும் வழி மாறவில்லை.

முதல் நாள் நண்பகலில் ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டோம். வீட்டுக்கார அம்மையார் செம்பை நீட்டுமுன் கேட்ட கேள்வி, “பழனிக்குங்களா சாமி?” என்பது. தைப்பூசம் நெருங்கிய காலம். கேரளத்திலிருந்து பழனிக்கு நடந்து செல்வோர் ஆண்டுதோறும் பலர். ஆகவே அவ்வூர்களில் நடக்கிறவர் எவராயினும் சாமிதான். இல்லை, சும்மா நடக்கிறோம் என்றோம். அம்மையார் சிறிது நேரம் எங்களையே பார்த்துவிட்டு, “பஸ்ஸுத்தான் போகுதுங்களே!” என்றார். அதற்கு எங்களிடம் நல்ல விடையில்லை. எனினும் தண்ணீர் கேட்டவர்களுக்கு மோர் வந்தது. இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட மோர். மலையாளத்தில் அதனைச் சம்பாரம் என்பர். காசு கொடுக்க முயன்றதைத்தான் அவர் சிறிது கோபத்தோடு தடுத்தார்.

ஐரோப்பாவில் போர்ச்சுகல் நாட்டுச் சிற்றூர்கள் வழியாக ஸ்பெயினிலுள்ள சாந்தியாகோ என்னும் திருத்தலத்துக்கு நெடுந்தொலைவு நடப்போர் உண்டு. அவர்களுக்கு வழிகாட்டச் சுவரிலும் கல்லிலும் மஞ்சள் அம்புக்குறி தீட்டியிருப்பார்கள். இங்கே அம்புக்குறி கிடையாது. கேட்டால் சொல்வார்கள், கேளாவிட்டாலும் அழைத்துச் சொல்வார்கள். “அந்தப் பக்கம் போகாதீங்க, நாய் பொல்லாதது” என்று சொல்ல எந்த அம்புக்குறியால் முடியும்?

வழிநடைக்காக நம் முன்னோர் அமைத்த ஏற்பாடுகளுள் சுமைதாங்கிக் கல்லைப் போல் எளியது வேறில்லை. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்தால் தீர்ந்தது. தலைச்சுமைக்காரன் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்கலாம். மீண்டும் தானே ஏற்றிக் கொள்ளலாம். கருவுற்ற நிலையில் மாண்ட பெண்ணின் நினைவாக அதை நடுவது தமிழ்நாட்டு வழக்கம். இறக்கப்படாத சுமையோடு போனவளுக்காகப் பிறர் சுமையை இறக்கி வைப்பது. மலையாளத்தில் இக்கல்லுக்கு அத்தாணி என்று பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இச்சொல் வேடிக்கையானது. தமிழில் அத்தாணி என்றால் அரசன் கொலுவீற்றிருக்கும் மண்டபம்; மலைக்கு அப்பால் அதே சொல் கூலியாள் மூட்டையை இறக்கும் கல். இரண்டாவது பொருளே எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகத் தெற்கே திரும்பிச் சின்னாற்றை அடைந்தபோது நடைக்குத் தடை நேர்ந்தது. சின்னாறு வனவிலங்குக் காப்பகம். யானை உலவும் காடு. சோதனைச் சாவடியிலிருந்த காவலர், நடந்து செல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குரலில் கடுமை இருந்தது. ஆனால் அடுத்த பேருந்து வரும்வரை எங்களை உள்ளே நிழலில் உட்கார வைத்தார். வந்த பேருந்தைத் தாமே கைகாட்டி நிறுத்தி, மறையூரில் இறக்கிவிடும்படி நடத்துநரிடம் ஒப்படைத்தார். சட்டமும் அன்பும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாதென்று எவரும் விதிக்கவில்லையே.

மறையூர் சந்தனக் காட்டுக்கும் வெல்லத்துக்கும் பெயர் போனது. அதனோடு காந்தளூர், கீழாந்தூர் முதலியவற்றைச் சேர்த்து அஞ்சுநாடு என்பர். அங்குள்ள பழங்குடித் தமிழர் தம் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக் கொள்கின்றனர். மலைமேல் வாழும் முதுவர் கதையும் மதுரையிலேயே தொடங்குகிறது; மீனாட்சியம்மன் சிலையை முதுகில் சுமந்து வந்தமையால் முதுவர் ஆயினர் என்பது அவர்கள் மரபு. அவர்கள் குடிகளில் இளைஞர் உறங்குவதற்கென்று தனியே சாவடி உண்டு. வந்த விருந்தினருக்கும் அதுவே இடம். முதுவர் வாழும் இடமலைக்குடி 2010-ஆம் ஆண்டில் தனி ஊராட்சியாயிற்று. பழங்குடியினருக்கென்றே கேரளத்தில் அமைந்த முதல் ஊராட்சி அது. ஆனால் அரிசிக்கும் மருத்துவத்துக்கும் அவர்கள் நெடுங்காலம் பெட்டிமுடி வரை காட்டு வழியே நடக்க வேண்டியிருந்தது. நோயாளியைக் கம்பில் தூளி கட்டிச் சுமந்து வந்தனர். நடை அவர்களுக்குப் பொழுதுபோக்கன்று. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அம்மையார் கேட்ட கேள்வி இங்கே மீண்டும் எங்கள் நினைவில் உறுத்திற்று.

மூணாற்றின் வரலாற்றையே ஒரு நடைவழியின் வரலாறு என்று சொல்லிவிடலாம். தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் திரட்டிய ஆட்கள், போடிநாயக்கனூரிலிருந்து கொட்டகுடி வழியாக மலையேறி வந்தனர். விளைந்த தேயிலை அதே வழியில் இறங்கிற்று. 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கியது. 1908-ல் அது சிறு இரயில் பாதையாயிற்று. டாப் ஸ்டேஷன் வரை இரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கின. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இரயில் பாதையை அழித்துவிட்டது. கவனித்தீர்களா, நேயர்களே? தேயிலைக்கு வண்டியும் கம்பிவடமும் வந்தன; அதைப் பறித்தவர்கள் நடந்தார்கள்.

தோட்டத்துக் குடியிருப்பு ஒன்றில் எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் எங்களைத் திண்ணையில் இருத்திக் கட்டஞ்சாயா கொடுத்தார். தம் தாயார் கைக்குழந்தையோடு அவ்வழி ஏறி வந்த கதையைச் சொன்னார். எந்தப் பாறையடியில் மழைக்கு ஒதுங்கினார்கள், யார் வீட்டில் கஞ்சி கிடைத்தது என்பதெல்லாம் நேரில் கண்டவர் போலச் சொன்னார். கஞ்சி ஊற்றியவர் முதுவரா, மன்னாடியாரா, வேறு யாரேனுமா என்று கேட்டோம். “அது யாருக்குத் தெரியும் தம்பி? சூடா இருந்துச்சுன்னு அம்மா சொல்லும்” என்றார்.

டாப் ஸ்டேஷனில் நின்று கீழே பார்த்தால் குரங்கணிப் பக்கத்து மலைச்சரிவு தெரியும். அவ்வழியே நாங்கள் இறங்கவில்லை. 2018 மார்ச் 11 அன்று அச்சரிவில் மூண்ட காட்டுத்தீயில், மலையேற்றத்துக்கு வந்திருந்த இளைஞரும் பெண்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சென்னை, ஈரோடு, திருப்பூர் முதலிய ஊர்களிலிருந்து இன்பநடைக்கு வந்தவர்கள். அவர்கள் குரல் கேட்டு முதலில் ஏறிச் சென்றவர்கள் அண்டையிலிருந்த ஊராரும் தோட்டத் தொழிலாளருமே. போர்வையில் கிடத்தித் தோளில் சுமந்து இறக்கினர்.

அதன்பின் இரண்டே ஆண்டு. 2020 மார்ச் இறுதியில் தொற்றுநோய்க்காக எல்லைகள் அடைபட்டன. ஏலத் தோட்டங்களிலிருந்து போடிக்கு அருகேயுள்ள இராசிங்கபுரத்துக்குக் காட்டு வழியே திரும்பிக் கொண்டிருந்த தொழிலாளர் குடும்பங்கள் தீயில் சிக்கின. உயிரிழந்தவர்களுள் ஒரு குழந்தையும் உண்டு. முதல் விபத்தை நாடறியும். செய்தித்தாள்கள் பல நாள் எழுதின. இரண்டாவதை அறிந்தவர் சிலரே. விரும்பி நடந்தவருக்கும் வேறு வழியின்றி நடந்தவருக்கும் நாம் காட்டும் கவனத்தில் இத்தனை வேறுபாடு இருக்கிறது. எல்லையூர் மக்களிடம் அவ்வேறுபாட்டை நாங்கள் காணவில்லை. அவர்கள் வீட்டில் யாரேனும் ஒருவர் எப்போதோ அவ்வழி நடந்தவர். செருப்பு அறுந்தால் என்ன வேண்டும், இருட்டினால் என்ன வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பதினொராம் நாள் மாலை போடிமெட்டிலிருந்து கீழே இறங்கத் தொடங்கினோம். அம்மலைச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். தேனி மாவட்டத்துப் பெண்கள் நாள்தோறும் விடியலில் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறார்கள். நான்காம் வளைவில் அப்படி ஒரு ஜீப் எங்களைக் கடந்து போய் நின்றது. உள்ளே கால் வைக்க இடமில்லை. “நடந்தா போறீக? இருட்டிருச்சுல்ல!” என்று ஓர் அம்மாள் அதட்டினார். மறுமொழிக்கு அவர் காத்திருக்கவில்லை; சோற்று வாளிகளை மடிமேல் எடுத்து வைக்கச் சொல்லி மற்றவர்களை நெருக்கி உட்கார வைத்தார். எங்களுள் இருவருக்கு உள்ளே இடம் கிடைத்தது. மூன்றாமவர் பின்படியில் நின்று கம்பியைப் பிடித்துக் கொண்டார். ஏலக்காய் மணமும் நாள் முழுதும் உழைத்த வியர்வையும் கலந்து வீச, ஜீப் போடியை நோக்கி இறங்கிற்று.