ஷட்டரை மூடாதீர்கள்

மே மாதத்து மத்தியானத்தில் தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் வேலை செய்பவர்களுக்கு வெயில் படாதே தவிர, அனல் நேராக உச்சந்தலையில் இறங்கும். முப்பதடி உயர ஷெட் முழுக்க ஏசி போட எந்த முதலாளிக்கும் கட்டுப்படியாகாது. அதனால்தான் கோடைக்கு மட்டும் ஆளுயர ஏர் கூலர்களை வாடகைக்கு எடுக்கிறார்கள்.

இதில் குளிர்ச்சியைத் தருவது தண்ணீர்தான். அடுக்கடுக்கான அட்டையில் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். விசிறி வெளிக்காற்றை அதன் வழியே இழுக்கும். ஆவியாகிற தண்ணீர் காற்றின் சூட்டை வாங்கிக்கொள்ளும். மணிக்குச் சுமார் 5 லிட்டர் ஆவியானால், ஒரு டன் ஏசி இழுக்கிற சூட்டுக்குச் சமம்!

ஆனால் ஊரைப் பார்த்து எடுக்க வேண்டும். வேலூரில் 40 டிகிரி வெயில், ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், நல்ல கூலரிலிருந்து 26 டிகிரி அளவில் காற்று வரும். எண்ணூரில் 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், 31-க்குக் கீழே இறங்குவதே கஷ்டம். அதுவும் ஈரக்காற்று, வியர்வை காயாது.

வேலூரிலும் பலர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. குளிர் வெளியே போய்விடுமாம், ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள். உள்ளே ஈரம் சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் புழுங்கித் தள்ளும். கூலருக்கு எதிர்ப்பக்கம் திறந்திருக்க வேண்டும், காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

ஷெட் முழுவதையும் குளிர்விக்கப் பார்க்காமல், ஆள் நிற்கும் இடத்துக்கு டக்ட் இழுத்துக் காற்றை விடுவது நல்லது. வெல்டிங் செய்பவருக்கு முதுகுப் பக்கம், மெதுவாக வரட்டும். காப்பு வாயு விட்டுச் செய்யும் வெல்டிங்கில் எதிர்க்காற்று அடித்தால் அந்த வாயு கலைந்து பற்றவைப்பு ஓட்டையாகிவிடும். தொட்டித் தண்ணீரையும் அடிக்கடி மாற்ற வேண்டும், பாசி பிடித்த தண்ணீரின் சாரல் நுரையீரலுக்கு ஆகாது.

கூரைக்கு வெள்ளையடிப்பது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சொன்னவைதான். செலவு குறைந்த வழி என்பதாலோ என்னவோ, யாரும் கண்டுகொள்வதில்லை.

கடலோர ஊர்களுக்கு என் யோசனை வேறு. ஷெட்டை ஒட்டி ஒரு சின்ன அறை, அதில் ஏசி, குடிக்கத் தண்ணீர். முறை வைத்துப் போய் உட்கார்ந்து வரட்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களுக்கு அந்த நேரத்துக்கும் கூலி போட வேண்டும். இல்லையென்றால் அந்த அறைக்குள் ஒருவரும் போக மாட்டார்கள்.