பிள்ளை என்னும் பெயர்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'பிள்ளை என்னும் பெயர் தாங்கிய பெரியோர்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் எம்மைப் பணித்தனர். அவர் இப்பொருளைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் மண்டபத்தின் கீழைச் சுவரில் அப்பெரியோரின் உருவப்படங்களை நிரையாக அமைத்தல் வேண்டும் என்பது சங்கத்தார் விருப்பம். அவருள் ஒரு சாரார், "நம்மவர் படங்களை மட்டுமே வைத்தல் வேண்டும்" என்கின்றனர். ஆதலின், 'நம்மவர்' என்னும் சொல்லின் எல்லை யாது என்பதை இன்று நாம் அமைதியாக ஆராய்தல் தக்கது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். தொல்காப்பியனார் மரபியலிலே இளமைப் பெயர்களை எண்ணுமிடத்துப் 'பிள்ளை' என்பதனையும் ஒன்றாக வைத்தனர். அணிற்பிள்ளை, கிளிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று இன்றும் நம் மக்கள் வழங்குகின்றனர். ஆகவே இச்சொல் முதலிற் குறித்தது இளமையையே, குலத்தை அன்று. இளமைப்பொருள் அன்புப்பொருளாயிற்று, அன்புப்பொருள் உயர்வுப்பொருளாயிற்று. திருஞானசம்பந்தரை ஆளுடைய பிள்ளை என்றனர் சைவர். நாலாயிரத்திற்கு உரைகண்ட ஆசிரியரைப் பெரியவாச்சான் பிள்ளை என்றனர் வைணவர். இவ்விருவரும் அந்தணர் என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னாளிற் கணக்கெழுதுவோர் கணக்கப்பிள்ளை எனப்பட்டமையின் இது தொழிற்பெயராகவும் நின்றது. குடிப்பெயராக நிலைத்தபோதும் வேளாளர், ஆயர், இசை வேளாளர் எனப் பல வகுப்பினர் இதனைத் தாங்கினர். சமயம் மாறிய கிறித்தவக் குடும்பங்களும் இதனை விட்டிலர். மலையாள நாட்டிலும் இது வழங்குகின்றது. 'செம்மீன்' என்னும் நாவலை 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டு, பின்னர் 1984-ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசைப் பெற்ற தகழி சிவசங்கரப் பிள்ளையை அறியாதார் யார்?

இனி, இப்பெயர் தாங்கியோர் சிலரைத் துறைதோறும் காண்போம்.

சென்னையை அடுத்த பெரம்பூரில் 1709-ஆம் ஆண்டு பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, புதுச்சேரியில் துய்ப்ளே என்னும் பிரெஞ்சு ஆளுநரிடம் துபாஷாக விளங்கினார். 1736-ஆம் ஆண்டு தொடங்கி 1761-ஆம் ஆண்டில் தாம் மறையுங்காறும், இருபத்தைந்து ஆண்டுகள், கண்டதும் கேட்டதுமாகியவற்றைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். படையெழுச்சியும், கப்பல் வரவும், விலைவாசியும், அரண்மனைப் பேச்சும் அதில் உண்டு. அரசர் மெய்க்கீர்த்திகளே வரலாறாக இருந்த நாட்டில், ஒரு வணிகர் நாடோறும் எழுதிய ஏடு இன்று வரலாற்றாசிரியர்க்குக் கருவூலமாயிற்று. அவர் ஆயர் குலத்தவர்.

கல்வித் துறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை (1815–1876) முதலில் வைத்தல் முறை. திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கிய அப்பெருந்தகை, தம்மிடம் வந்தாரைக் குலமும் சமயமும் வினவித் தள்ளியவர் அல்லர். கிறித்தவரும் இசுலாமியரும் அவரிடம் பாடங் கேட்டனர். 1871-ஆம் ஆண்டில் மாயூரத்திற்கு வந்து சேர்ந்த அந்தண இளைஞர் ஒருவர் பின்னாளில் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் ஆனார். ஆசிரியர் மறைந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்த பின், அம்மாணாக்கர் தம் முதுமையில் அவர் வரலாற்றை இரு பாகங்களாக எழுதி வெளியிட்டனர். பிள்ளையவர்களின் புகழை உலகிற்கு எடுத்துரைத்தவர் பிள்ளை என்னும் பெயருடையார் அல்லர் என்பதைச் சிந்தியுங்கள்.

அவர் காலத்தே மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை (1826–1889). தமிழின் முதல் நாவல் எனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ஆம் ஆண்டில் அவரால் வெளிவந்தது. நீதிமன்றத் தீர்ப்புக்களைத் தமிழாக்கி, ஆங்கிலம் அறியாதாரும் சட்டம் அறியுமாறு செய்தார். பெண்கல்விக்காக நூல் இயற்றினார். அவர் கத்தோலிக்கர். அவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்துக்கோவை பாடியவரோ சைவ மடத்து மகாவித்துவான். இவ்விருவர் நட்பின்முன் நம் சிறு வேற்றுமைகள் நாணி நிற்றல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை (1832–1901), சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். அப்பட்டத்தோடு உத்தியோகமும் பெற்று இனிது வாழ்ந்திருக்கலாம்; ஆயின், செல்லரித்து அழியும் ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1887-ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றினார். ஆலப்புழையிற் பிறந்து திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை (1855–1897), 1891-ஆம் ஆண்டில் 'மனோன்மணீயம்' என்னும் நாடகத்தை வெளியிட்டார். அதன் தமிழ்த்தெய்வ வணக்கமே இன்று நம் விழாக்களின் தொடக்கத்தில் ஒலிக்கின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி நிறைவேறப் பதிப்பாசிரியராக உழைத்தவர் ச. வையாபுரிப் பிள்ளை (1891–1956). கல்வெட்டுக்களிற் காணும் திதி, நாள்மீன், கிழமை ஆகியவற்றைக் கணித்து ஆங்கில ஆண்டோடு பொருத்தும் பஞ்சாங்க அட்டவணைகளை அமைத்தவர் எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளை (1865–1925). சென்னைச் சட்டமன்றத்தின் தலைவராகவும் அவர் வீற்றிருந்தார். இவரும் கிறித்தவரே.

நாட்டுத்தொண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை (1872–1936) ஒருவரைக் கூறின் அமையும். 1906-ஆம் ஆண்டில், பங்கு ஒன்றுக்கு ரூபாய் 25 வீதம் நாற்பதினாயிரம் பங்குகள் வகுத்துப் பத்து லட்சம் மூலதனம் குறித்துச் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தோற்றுவித்தார். பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவராயினார். இசுலாமிய வணிகரும் பெரும்பொருள் ஈந்தனர். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்பிற்கும் இடையே ஓடின. 1908-ஆம் ஆண்டில் கோரல் ஆலைத் தொழிலாளர்க்காக வாதாடினார். அவ்வாண்டே இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் தண்டனை குறைந்தது. எனினும் சிறையிற் செக்கிழுத்தார். 1912-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தபோது கப்பலும் இல்லை, கைப்பொருளும் இல்லை, வழக்கறிஞர் உரிமையும் இல்லை. அவ்வுரிமை மீளக் கிடைக்கத் துணைநின்ற வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதிக்கு நன்றியாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளையர் ஆட்சியோடு போரிட்டவர், ஒரு வெள்ளையரின் பெயரைத் தம் மனையகத்தே வாழவைத்தார்! பெயரிடுதலின் உயர்வை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

கலைத்துறைக்கு வருவோம். நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடி இராகத்தை வாசித்தால் விடியுமளவும் மக்கள் எழார். 1947-ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றபோது தில்லியில் ஒலித்தது அவர் நாகசுரம். பந்தணைநல்லூரில் வாழ்ந்த நட்டுவனார் ஒருவர் (1869–1954) ருக்மிணி தேவிக்கும் மிருணாளினி சாராபாய்க்கும் பரதம் பயிற்றினார். அவர் பெயரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே! மகாவித்துவானுக்கும் இவருக்கும் பெயர் எழுத்திற்கு எழுத்து ஒன்று, குலம் வேறு, தொழில் வேறு. 'நம்மவர்' என்பார் இவ்விருவருள் எவரை நீக்குவர்? நீக்கியபின் எஞ்சுவது புகழாகுமா, பழியாகுமா?

கணிதத்தில் எஸ். எஸ். பிள்ளை (1901–1950). பிறந்த ஓராண்டில் தாயை இழந்தார். பள்ளி இறுதியாண்டில் தந்தையை இழந்தார். அந்நிலையிற் கைதூக்கிவிட்டவர் சாஸ்திரியார் என்னும் ஆசிரியர். அக்கை இல்லையேல் அம்மதி நமக்கு இல்லை. எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டாகவும், ஒன்பது கனங்களின் கூட்டாகவும் எழுதலாம் என்பர் கணிதர். ஆறாம் படிக்கு எத்தனை வேண்டும்? எழுபத்து மூன்று போதும் என 1940-ஆம் ஆண்டில் நிறுவினார் நம் பிள்ளை. அமெரிக்காவில் நிகழவிருந்த உலகக் கணிதப் பேரவைக்குச் செல்லும் வழியில், கெய்ரோ நகரருகே வானூர்தி வீழ்ந்து 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் மாண்டார். விளையாட்டிலும் ஒருவரைக் கூறுவோம். புனே நகரை அடுத்த கட்கியில் எளிய தமிழ்க் குடும்பத்திற் பிறந்த தன்ராஜ் பிள்ளை, நான்கு ஒலிம்பிக்குகளில் வளைகோல் ஆடி, 1998-ஆம் ஆண்டு ஆசியப் போட்டியில் தலைவராக நின்று இந்தியாவிற்குப் பொற்பதக்கம் ஈட்டினார். அது முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின் கிடைத்த பொன்.

அன்பர்களே! இவர்கட்குப் பொதுவாய் நின்றது யாது? குலம் அன்று; சமயம் அன்று; நாடும் அன்று. பெயரின் ஈற்றிலுள்ள மூன்றெழுத்தே. அம்மூன்றெழுத்து இவரை உயர்த்திற்றோ எனின், இல்லை. அதே எழுத்தைத் தாங்கி, ஊரார் நினைவில் ஒரு நாளும் தங்காது மறைந்தோர் எண்ணிறந்தவர். இவருட் பெரும்பாலோர்க்குப் பொதுவாகிய வேறு இரண்டு உண்டு. ஒன்று, பிறர் வேண்டா என்று விட்டதைத் தாம் எடுத்துப் பல்லாண்டு உழைத்தமை. மற்றொன்று, தம் குலத்தார் அல்லாத ஒருவர் கைகொடுத்தமை, அல்லது அத்தகையார்க்குத் தாம் கைகொடுத்தமை.

தம் குலத்தின் குறையை எடுத்துரைத்தாரும் இவர் வரிசையில் உளர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) நாஞ்சில் நாட்டு வேளாளர். எம்மைப் போன்ற பள்ளியாசிரியர். தந்தையின் சொத்து மக்களை விடுத்து மருமக்களுக்குச் சென்ற தம் வகுப்பு வழக்கத்தால் மனைவியரும் மக்களும் பட்ட துயரை, 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்னும் நகைச்சுவை நூலாகப் பாடினார். 1926-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசின் சட்டம் அவ்வழக்கத்தை மாற்றிற்று. குலத்திற்குத் தொண்டு செய்தல் அதனைப் புகழ்தல் மாத்திரம் அன்று என்பதற்கு அவரே சான்று.

இப்பெயரை விடுதல் வேண்டும் என்று நம் இளைஞர் பலர் கருதுகின்றனர். இது புதிதன்று. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரியிற் செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரினின்றும் நீக்குக என்று தீர்மானித்தது. திருநெல்வேலியில் 1990-ஆம் ஆண்டில் எழுந்த பல்கலைக்கழகம் மனோன்மணீயம் சுந்தரனார் பெயரைத் தாங்குகின்றது. தூத்துக்குடித் துறைமுகம் 2011-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் துறைமுகம் ஆயிற்று. மூன்றெழுத்து உதிர்ந்தது, அவர் பெருமையில் ஓர் அணுவும் உதிர்ந்திலது. ஆதலின், தாத்தாவின் பெயரை அன்போடு தாங்குவாரை நாம் இகழற்க, விடுவாரை வெகுளற்க. ஆனால், அப்பெயர் கொண்டு பிறனொருவனைத் திண்ணையிலே நிறுத்துவோமாயின், அன்றே அது நமக்கு இழிவாகும்.

இன்னும் ஒன்று. நாம் எண்ணிய பெயர்களுள் மகளிர் பெயர் ஒன்றேனும் உண்டோ? இல்லை. இப்பட்டம் ஆடவர்க்கே வழங்கிற்று. அவர் ஏடு தேடி அலைந்தபோதும் சிறைப்பட்டபோதும் இல்லங் காத்த தாயரும் மனைவியரும் எந்தப் பட்டியலிலும் இடம் பெற்றிலர். பட்டம் பெறாத அவர் வழிவந்த பெண்மக்கட்கு இன்று கல்லூரிப் பட்டம் கிடைக்கச் செய்வதே நாம் தீர்க்கக்கூடிய கடன்.

இனிச் சுவருக்கு வருவோம். எம் வேண்டுகோள் மூன்று. முதலாவது, படங்களை வைப்பின் மேற்கூறிய எல்லாரையும் வைத்தல் வேண்டும். ஒருவரையும் குலம் வினவி விலக்கல் ஆகாது. இரண்டாவது, ஒவ்வொரு படத்தின் கீழும் அவர் செய்த தொண்டையும், அவரை ஆளாக்கிய ஆசிரியரோ அவரால் ஆளானவரோ உளராயின் அன்னார் பெயரையும் பொறித்தல் வேண்டும். பிள்ளையவர்களின் கீழ்ச் சாமிநாதையரும், கணித மேதையின் கீழ்ச் சாஸ்திரியாரும் நம் மண்டபத்தில் இடம்பெறட்டும். மூன்றாவது, நம் சங்கத்து உபகாரச் சம்பளங்களுள் ஒன்றையேனும், தாய் தந்தையரை இழந்து வாடும் எந்தக் குலத்து மாணவனுக்கும் மாணவிக்கும் உரியதாக்குதல் வேண்டும். ஓர் ஆசிரியர் நம் பெயருடைய அநாதைச் சிறுவனைக் காத்தார். அக்கடனை நாம் வேறொரு பெயருடைய குழந்தையிடத்தன்றோ திருப்பிச் செலுத்துதல் முறை?

மாணவச் செல்வங்களே! பிள்ளை என்பது இளமைப் பெயர் என்று முதலிற் கூறினோம். அது வளரவேண்டியதன் பெயர். தென்னம்பிள்ளை, பிள்ளையாகவே நிற்பின் எவருக்கும் பயன்படாது. அது வளர்ந்து காய்த்து, நட்டவன் வீட்டார்க்கன்றி வழிப்போக்கனுக்கும் இளநீர் தருதல் வேண்டும். அவ்வாறு வளர்வீர்களாக.