கைப்பேசியும் நம் கடமையும்

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் எனக்கு முன் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நான் பேச வந்தது நம் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியைப் பற்றி. 1929-ஆம் ஆண்டு இந்த மலையில் போ தோட்டம் தொடங்கிய காலத்தில், ஊரிலிருந்து ஒரு கடிதம் கப்பலேறி வந்து சேர வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்று ரிங்லெட்டில் ஒருவர் தும்மினால் கம்போங் ராஜாவில் கேட்கிறது. நல்லதுதான். ஆனால் பொய்யும் அதே வேகத்தில்தான் போகிறது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். 2018-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் தேதி. தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டம், போளூருக்குப் பக்கத்தில் அத்திமூர் என்ற கிராமம். குலதெய்வக் கோயிலுக்குப் போக ஒரு குடும்பம் காரில் வந்தது. அவர்களில் மலேசியாவிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். கூட வந்த, அறுபது வயது கடந்த அம்மையார், அங்கிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான்! பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று ஊர் திரண்டது, அடித்தது. அந்த அம்மையார் உயிர் இழந்தார். மற்றவர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

தோழர்களே! அடித்தவர்கள் கொள்ளைக்காரர்களா? இல்லை. சாதாரண ஊர் மக்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் வடக்கிலிருந்து வந்திருக்கிறது என்ற பொய்ச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி அவர்கள் மனத்தில் பயத்தை ஏற்றியிருந்தது. அந்தச் செய்தியை அனுப்பிய ஒவ்வொருவரும், 'எதற்கும் நாலு பேருக்குத் தெரியட்டும்' என்றுதான் நினைத்திருப்பார். ஒருவரும் கொலை செய்ய நினைக்கவில்லை. ஆனால் கொலை நடந்துவிட்டது.

அந்த ஆண்டில் இந்தியாவில் இப்படிப் பல உயிர்கள் போன பிறகுதான், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்குமேல் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. 2019-இல் அது உலகம் முழுவதற்கும் வந்தது. பல கை மாறி வந்த செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருக்கும். அதைக் கண்டால், 'இதை முதலில் சொன்னவர் யாரென்று தெரியாது' என்று பொருள் கொள்ளுங்கள்.

நம் மலையைப் பாருங்கள். வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் நம்மோடு கொழுந்து வெட்டுகிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு கெட்ட செய்தி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிறோமே, அத்திமூரில் அந்நியராய் நின்றவர்கள் நம்மவர்கள் என்பதை மறக்கலாமா?

2013 அக்டோபரில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நள்ளிரவில் தண்ணீர் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்ச்சேதம் ஏற்பட்டதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. மழைக்காலத்தில் 'அணை உடைந்துவிட்டது' என்று ஒருவர் விளையாட்டாக எழுதினால், இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களின் கதி என்ன? நாலு தடவை பொய் கேட்டவர்கள், ஐந்தாம் தடவை உண்மை வந்தால் அசைவார்களா?

இன்னொன்று, வசைச்சொல். டிக் டாக்கில் பலரும் அறிந்த ஏஷா என்ற ராஜேஸ்வரி அப்பாஹு, தம்மை இழிவுபடுத்தி மிரட்டுகிறார்கள் என்று போலீசில் புகார் கொடுத்தார். மறுநாள், 2024 ஜூலை 5-ஆம் தேதி, அவர் உயிரோடு இல்லை. நம் தமிழ்ப் பெண், பழித்ததும் தமிழிலேதான். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு விதித்த அபராதம் 100 வெள்ளி! அந்தப் பழைய சட்டத்தில் அதற்குமேல் இடமில்லை. நாடே கொதித்தது. தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு 2025 ஜூலையில் அமலுக்கு வந்தது. இனி இத்தகைய குற்றத்துக்குச் சிறைவாசமும் உண்டு. ஆனால் சட்டம் வந்து சேர்ந்தது அந்த உயிர் போன பிறகு. லயத்தில் வாய்ச்சண்டை வந்தால் மறுநாள் பெரட்டில் முகம் பார்த்து ஆறிப்போகும். முகநூலில் எழுதியது ஆறுவதில்லை, ஊரெல்லாம் படிக்கிறது.

பால்வெட்டும் தோழருக்குத் தெரியும்: கத்தி பட்டையோடு நிற்கவேண்டும், கட்டையில் இறங்கினால் மரம் காயப்படும். கிராணியாருக்குத் தெரியும்: வேலைக்கு வராதவன் பெயரைச் செக்ரோலில் ஏற்றக்கூடாது. இந்த இரண்டு ஒழுங்கும் கைப்பேசிக்கும் போதும். பார்க்காததை எழுதாதீர்கள், காயப்படுத்தும்படி எழுதாதீர்கள். சந்தேகமானால், அரசாங்கத்தின் செபெனார்ஞா தளத்தில் பாருங்கள். அல்லது படித்த பிள்ளைகளைக் கேளுங்கள். ஏமாற்றுக்காரனிடம் பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 997-க்குக் கூப்பிடுங்கள். வசைக்கு ஆளாகி யாராவது மனம் உடைந்திருந்தால் தனியே விடாதீர்கள். 15999 என்ற எண்ணில் உதவி கிடைக்கும்.

நம் குறைகளை உலகுக்குச் சொல்ல இந்தக் கருவி நமக்குத் தேவை. நாம் பொய்யையும் அனுப்புகிறவர்கள் என்று பேர் எடுத்துவிட்டால், நாளை நம் உண்மையை யார் நம்புவார்? இதை எண்ணிப் பாருங்கள் என்று கேட்டு முடித்துக்கொள்கிறேன்.