கடல் வாணிகமும் எம் மாணவரும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கல்வளைப் பிள்ளையாரின் திருவடிகளை நினைந்து, எமக்கு அளிக்கப்பட்ட விடயத்தைப் பேச முற்படுகின்றோம். வெளிநாட்டு வாணிகத்திற் புக விரும்பும் மாணவருக்கு அரசாங்கத்தின் துணையோடு தொழிற்பயிற்சி வேண்டுமா என்பதே அவ்விடயம். வேண்டும் என்பதே எமது துணிபு.

வாணிகம் எமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. எனினும், 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிலே செமினரி தோன்றிய காலந்தொட்டு, ஆங்கிலக் கல்வி எம்மவரை உத்தியோகத்தின் பக்கமே இழுத்தது. மலாயாவின் புகையிரதப் பகுதி வரை சென்று பேனா பிடித்தோம். மிஷன் பாடசாலையிற் கற்ற யாம் அக்கல்வியைக் குறைகூற வரவில்லை. அது தந்த ஆங்கிலமும் கணக்கும் வாணிகத்திற்கும் உதவும். ஆனால் அவை மட்டும் போதா.

ஏன் போதா? எம்மூர்ப் பனங்கட்டியை ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்புகின்றார் என்று கொள்வோம். வாங்குபவரின் வங்கி நாணயக் கடிதம் அனுப்புகிறது. 2007ஆம் ஆண்டு யூலை முதல் நடைமுறையிலுள்ள சர்வதேச வர்த்தக சம்மேளனத்தின் விதிகளின்படி, வங்கி பார்ப்பது பத்திரங்களையே, சரக்கை அன்று. அவற்றை ஆராய ஐந்து வங்கி நாட்களே அதற்கு உண்டு. பனங்கட்டி எவ்வளவு தரமாயிருப்பினும், விலைச்சிட்டையில் தொகையோ, கப்பலேற்றிய திகதியோ பிசகினால் பணம் மறுக்கப்படலாம். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் தீர்வைச் சலுகையைப் பெறுவதற்கும் உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் வேண்டும். இவற்றைப் புத்தகத்தில் வாசிக்கலாம், கைபழகுவது கந்தோரிலேதான்.

பிறநாடுகள் செய்வதையும் நோக்குவோம். பிரான்சு 2000ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின்கீழ், 18 முதல் 28 வயது வரையுள்ள இளைஞர் 6 முதல் 24 மாதங்கள் வெளிநாட்டிலே பிரெஞ்சுக் கம்பனிகளுக்காகப் பணிசெய்து பழகுகின்றனர். அரச நிறுவனமொன்று அதனை நிர்வகிக்கின்றது. இந்தியா 2024ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி பயிற்சித் திட்டம் வாணிகத்திற்கு மட்டும் உரியதன்று. ஆயினும் மாதம் 5,000 ரூபா உதவித்தொகையில் 4,500 ரூபாவை அரசும் 500 ரூபாவைக் கம்பனியும் கொடுக்கும் என்று அதில் அறிவிக்கப்பட்டது.

எம் நாட்டிலும் அடித்தளம் உண்டு. 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கச் சட்டம் தொழில் பயிலுநர் முறையை நிறுவியது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்றுமதி அபிவிருத்திச் சபை பிறந்தது. முதலாவது வழியில் வந்த அதிகார சபைக்குத் தொழில் பழக்கத் தெரியும்; மற்றதற்கு ஏற்றுமதியாளரைத் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து இம்மூன்றையும் ஒரே முடிச்சிற் கட்டுதல் வேண்டும்.

காசு கொடுத்தால் மாணவர் சோம்பேறிகளாவர் எனப் பெரியோர் சிலர் கூறக்கூடும். ஏற்றுமதிக் கந்தோர்களிற் பெரும்பாலானவை கொழும்பிலேயே உள்ளன. உதவித்தொகை இல்லையெனில், வெள்ளவத்தையில் உறவினர் உள்ளவன் பயிற்சிக்குப் போவான். கெட்டிக்காரியாயினும் தோட்டக்காரரின் மகள் வீட்டிலிருப்பாள். திறமையைத் தெரிவது பரீட்சையன்று, அறைவாடகை என்றாகிவிடும். இது நீதியாகுமா?

ஆயின், கொடுக்கும் காசுக்குக் கணக்கும் வேண்டும். தேநீர் வாங்கவும் கடதாசி அடுக்கவும் மட்டும் மாணவரை வைத்திருத்தல் பயிற்சியன்று. ஒரு சரக்கின் பத்திரங்கள் அனைத்தையும் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே ஆயத்தஞ் செய்த பின்னரே சான்றிதழ் வழங்கல் தகும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டியிருத்தலும் கூடாது. வங்கியிலும் சுங்கப் பகுதியிலும் சேவை செய்து ஓய்வுபெற்றோர் எம் அயலில் இருக்கின்றனர். மாதம் ஒரு மாலை அவர்கள் இங்கு வந்து வகுப்பெடுக்கட்டும். கொழும்பு செல்லும் ஒரு மாணவருக்கேனும் அறைவாடகை கொடுக்கச் சங்கம் ஒரு நிதி தொடங்கட்டும். வெளிநாட்டிலிருந்து வரும் காசை எதிர்பார்த்திருக்கும் ஊர், வெளிநாட்டுக்குப் பொருளை அனுப்பும் ஊராதல் கூடும். அதற்கு முதலில் வேண்டுவது கைபழகிய பிள்ளைகளே.