டிபன் பாக்ஸின் மூடி

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்கநிலை ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும் சத்தான மதிய உணவை வீட்டிலிருந்து எப்படிக் கொடுத்துவிடுவது என்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், அதற்கு நாம் முதலில் பேசிக்கொள்வோம் என்று என்னை அழைத்தார்கள். புரதம், மாவுச்சத்து, இரும்புச்சத்து எல்லாம் நீங்கள் தினமும் நடத்தும் பாடம். அதனால் நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் நான்காம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழை. வராண்டாவில் சாரல் அடித்ததால் பிள்ளைகள் வகுப்பறைக்குள்ளேயே, ஜன்னலை அடைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். உள்ளே நுழைந்தவள், "யாரு மீன் கொண்டு வந்தது? கிளாஸ் பூரா நாறுதே" என்று கேட்டுவிட்டேன். நான்கைந்து பேர் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி மூடியைப் போட்டு அமுக்கினாள். எனக்கு அது அன்று மாலையே மறந்துபோயிற்று.

மறுநாளிலிருந்து அவள் கொண்டுவந்தது வெறும் சோறும் ஊறுகாயும். பிறகு சோற்றோடு ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். பாக்கெட் காலியாகும், சோறு அப்படியே வீட்டுக்குத் திரும்பும். காலையில் கணக்கைச் சரியாகப் போடுகிறவள், மூன்று மணிக்கு மேல் மேசையில் தலையைச் சாய்த்துவிடுவாள். கேட்டால், "வயிறு வலிக்கு டீச்சர்" என்பாள். குடற்புழுவாக இருக்கும் என்று நினைத்தேன். ஆசிரியருக்கு எப்போதும் ஒரு காரணம் கையில் இருக்கும், இல்லையா?

பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா வந்தார். அண்டி ஆபீசில் வேலை. காலை ஐந்து மணிக்குச் சமைத்து வைத்துவிட்டு ஏழு மணிக்குப் பஸ் ஏற வேண்டும். நான் கொஞ்சம் கடுமையாகவே, "பிள்ளைக்கு ஒரு கறி வச்சுக் கொடுத்து விடக் கூடாதா?" என்றேன்.

"நீங்கதானே டீச்சர் மீன் கொண்டு வரக் கூடாதுன்னு சொன்னீங்களாம். மரச்சீனி மயக்குனதும் சாளையும்னா அவளுக்கு உசிரு. வச்சா, 'வேண்டாம், எல்லாரும் சிரிப்பாவ'ன்னு அழுவா. நான் என்ன செய்ய?"

எனக்குப் பதில் வரவில்லை. மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காத வீட்டில் பிறந்தவள் நான். அன்று என் பைக்குள் இருந்த பாத்திரத்திலும் நெத்திலிக் கறிதான்.

அந்தச் சிறுமி மூடி மறைத்த உணவைக் கொஞ்சம் பார்ப்போம். மரச்சீனி பெரும்பாலும் மாவுச்சத்துதான். புரதம் மிகக் குறைவு. சாளையில் புரதம் உண்டு, நல்ல கொழுப்பு உண்டு. முள் மெத்தென்று வேகும்படி புளிமுளம் வைத்தால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். ஒன்றில் இல்லாததை மற்றொன்று கொடுக்கிறது. மரச்சீனியைத் தோல் நீக்கி, சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். அதில் சயனைடாக மாறக்கூடிய பொருள் இருப்பதுதான் அதற்குக் காரணம். இதை ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கலாம்.

இந்தக் கிழங்கு நம் ஊரில் வேரூன்றிய கதையும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிட மக்களை ஊக்குவித்தார். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அப்போது திருவிதாங்கூரில் பல வீடுகளின் அடுப்பை எரிய வைத்தது மரச்சீனி. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன்பு நம் பாட்டி தாத்தாக்கள் அந்தக் கிழங்கைத் தின்றுதான் பஞ்சத்தைக் கடந்தார்கள். அது ஏழைச் சாப்பாடு, வெளியே காட்டக் கூடாதது என்று எப்போது முடிவு செய்தோம்?

சரி, என்ன கொடுத்துவிடலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். புதிதாக எதையும் சமைக்கச் சொல்லாதீர்கள். ரப்பர் பால் வெட்டப் போகிற வீட்டிலும் அண்டி ஆபீஸ் போகிற வீட்டிலும் விடிகாலையில் நேரம் கிடையாது. வீட்டில் இருப்பதையே பிள்ளை திறந்து சாப்பிடும்படி கொடுத்தால் போதும். திறப்பது என்று நான் சொல்வது நிஜமாகவே மூடியைத்தான். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இடைவேளை முழுவதும் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூடியைத் திறக்க அவனுக்குப் பலம் இல்லை, கேட்க வெட்கம். பாத்திரம் வாங்கியதும் பிள்ளையை ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள் என்று அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூன் மாதமும் பெற்றோரிடம் சொல்கிறேன்.

மீன் என்றால் குழம்பாக வேண்டாம், வற்ற வைத்துக் கொடுக்கட்டும். குழம்பு ஒழுகிப் புத்தகம் நனைந்தால் மறுநாள் பிள்ளை கொண்டுவராது. சிறு பிள்ளைகளுக்கு முள் எடுத்தே வைக்க வேண்டும். அவியல் போலத் தேங்காய் அரைத்த கறியைச் சூட்டோடு மூடினால் பங்குனி வெயிலில் பன்னிரண்டரை மணிக்குள் ஊசிப்போகும். ஆவி அடங்கிய பிறகு மூட வேண்டும். இன்னொன்று, பாசத்தில் பாத்திரம் நிறைய அமுக்கி வைப்பது. அவ்வளவு சோற்றைப் பார்த்தாலே பிள்ளைக்குப் பசி போய்விடும். பாதி வைத்தால் முழுதும் தின்னும்.

கீரை தின்னாத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. என் வகுப்பில் ஒரு பையனின் பாட்டி முருங்கை இலையை முட்டையோடு சேர்த்துத் துவரன் வைத்துக் கொடுத்துவிட்டார். அவனிடம் ஒரு வாய் கேட்டு மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள்! கீரையோடு ஒரு நெல்லிக்காய் இருந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு கட்டன் சாயா குடித்தால் அது தடைபடும். வீட்டில் பிள்ளைகளுக்கும் சாயா ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதைத் தயங்காமல் சொல்லுங்கள். சிரட்டைப் புட்டின் வடிவத்துக்காகவே அதைக் கேட்கிற பிள்ளைகள் உண்டு. காய்ந்து தொண்டையில் அடைக்காமல் இருக்கப் பயறு வைத்துக் கொடுக்கட்டும். சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பதில் இரண்டு மட்டிப்பழம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் என்று சொல்லிப் பாருங்கள், பெருமையோடு தின்பார்கள்.

சத்துணவில் சாப்பிடும் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து நாளும் முட்டை கிடைக்கிறது. காலை உணவுத் திட்டமும் 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. அந்தச் சோற்றோடு தொட்டுக்கொள்ள வீட்டிலிருந்து ஒரு துவரன் கொடுத்துவிடும் தாய்மார்கள் எங்கள் பள்ளியில் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் நல்ல சாப்பாடு. சத்துணவில் சாப்பிடுவது கௌரவக் குறைவு என்று நினைக்கிற பெற்றோரிடம் நாம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

அந்தச் சிறுமிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மன்னிப்புக் கேட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றுதான் நினைத்தேன். சொன்னேன், அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாளும் ஊறுகாய்தான். பிறகு என் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகள் நடுவே தரையில் உட்கார ஆரம்பித்தேன். முதல் நாளே சாளை. ஒரு பையன் மூக்கைப் பிடித்தான். "எங்க வீட்டுச் சாளை, ஒரு துண்டு வேணுமா?" என்றேன், வாங்கிக்கொண்டான். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவள் பாத்திரத்தில் மஞ்சள் நிறத்தில் மரச்சீனி தெரிந்தது. மீன் இல்லை. மீன் வந்தது மார்கழிக்குப் பிறகுதான். அதுவும் மூடியைப் பாதி சாய்த்து மறைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். நான் சொன்ன வார்த்தை ஒரு நிமிடம், அதைத் திரும்ப எடுக்க இரண்டு மாதம். ஐந்தாம் வகுப்புக்குப் போன பிறகு ஒருநாள் அவளே வந்து, "டீச்சர், இன்னைக்கு எங்கம்மா வச்ச சாளை" என்று மூடியில் ஒரு துண்டு வைத்து நீட்டினாள். உப்பு கொஞ்சம் கூடுதல். நான் சொல்லவில்லை.

மணி ஒன்றாகப் போகிறது. உங்கள் பாத்திரங்களையும் திறக்க வேண்டும். யார் மீன் கொண்டுவந்திருக்கிறீர்களோ, அவர் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் போட்டு வையுங்கள்.